படிகத்தில் பெருகும் ஒளி: மீக்குறுந்துடிப்பு லேசர்களும் தமிழ்நாட்டுப் படிக ஆய்வும்

மீக்குறுந்துடிப்பு லேசரின் ஒளி தொடர்ந்து ஒழுகுவதில்லை; துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் சில ஃபெம்டோ நொடிகளே நீடிக்கிறது. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. 25 ஃபெம்டோ நொடியில் ஒளி கடக்கும் தொலைவு 7.5 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஆகவே இத்தகைய துடிப்பைக் கற்றை என்பதைவிட, வெளியில் பறந்து செல்லும் மெல்லிய ஒளித்தகடு என்பதே பொருத்தம்.

இந்தத் தகட்டுக்குள் அதிக ஆற்றல் இருக்கத் தேவையில்லை. 25 ஜூல் ஆற்றல் 25 ஃபெம்டோ நொடிக்குள் அடங்கிவிட்டால், அந்தக் கணத்தின் திறன் ஒரு பெட்டாவாட், அதாவது 10¹⁵ வாட். கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் நிறுவுதிறன் 648 மெகாவாட். ஒரு பெட்டாவாட் அதைப்போல 15 லட்சம் மடங்கு. ஆனால் அந்தத் துடிப்பில் உள்ள மொத்த ஆற்றலைக் கொண்டு 10 வாட் எல்இடி விளக்கை இரண்டரை நொடிக்கு மேல் எரிக்க முடியாது. ஆற்றலும் திறனும் ஒன்றல்ல என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்து மறந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இவ்வளவு திறனும் ஓரிரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவிக்கப்படும்போது, எந்தப் பொருளானாலும் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெடுக்கப்பட்டுப் பிளாஸ்மா உண்டாகிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. ரவீந்திர குமார் குழுவினர் இவ்வகைப் பிளாஸ்மாவில் தோன்றும் மிகப்பெரிய காந்தப்புலங்களை அளந்தனர். அவருக்கு 2015ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு இத்துறைப் பணிக்காகவே வழங்கப்பட்டது. இந்தூரில் உள்ள இராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் 150 டெராவாட் லேசரும் அதன்பின் பெட்டாவாட் அளவு லேசரும் நிறுவப்பட்டன. சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் எலக்ட்ரான்களை மிகுந்த வேகத்துக்கு முடுக்கும் ஆய்வு அங்கு நடந்துவருகிறது. வழக்கமான முடுக்கிகளில் இதற்குப் பல மீட்டர் நீளக் குழாய் வேண்டும்.

இத்தகைய துடிப்பை முதலில் உண்டாக்கும் சிறிய அலையியற்றியிலிருந்து வெளிவரும் ஆற்றல் சில நானோ ஜூல்தான். அதைப் பல ஜூலுக்கு உயர்த்துவதற்குப் பல நூறு கோடி மடங்கு பெருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடியானாலும் படிகமானாலும், ஒளியின் செறிவு கூடும்போது அதன் ஒளிவிலகல் எண் மாறுகிறது. கற்றையின் நடுப்பகுதி செறிவு மிக்கதாக இருப்பதால், பெருக்கியே ஒரு குவிவில்லையாக மாறி ஒளியைத் தனக்குள்ளேயே குவித்துக்கொள்கிறது. குவிந்த இடத்தில் பொருள் பொசுங்கி, மயிரிழை போன்ற சேதக்கோடு விழுகிறது. 1970கள் முழுவதும் உயர்திறன் லேசர்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்தியது இந்தத் தற்குவிவே.

இதைக் கடக்கும் வழியை 1985இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லேண்டும் ஜெரார் மூருவும் காட்டினர். குறுகிய துடிப்பில் ஒரே நிறம் இருக்க முடியாது. துடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு பரந்த நிறப்பட்டை அதனுள் இருக்கும். இது இயற்பியலின் கண்டிப்பான விதி. அந்த நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, சிவப்பை முன்னே விட்டு நீலத்தைப் பின்னே வரச்செய்தால், துடிப்பு பல்லாயிரம் மடங்கு நீண்டுவிடும். உச்சத்திறன் அதே அளவுக்குத் தணியும். நீட்டிய துடிப்பை அச்சமின்றிப் பெருக்கலாம். பெருக்கி முடித்தபின், பின்தங்கிய நிறங்களை முன்னே சேர்த்து மறுபடியும் சுருக்கிவிடலாம். முதல் ஆய்வில் துடிப்பை நீட்டுவதற்கு 1.4 கிலோமீட்டர் நீள ஒளியிழை பயன்பட்டது. பின்னாளில் அந்த வேலையை, ஒளியை நிறம் பிரிக்கும் கீற்றணிகள் ஏற்றுக்கொண்டன. இவ்விருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 1996இல் உலகின் முதல் பெட்டாவாட் துடிப்பைப் பெற்றதும் இந்த முறையில்தான்.

ஆனால் நீட்டிப் பெருக்கும் முறையிலும் பெருக்குவது ஒரு லேசர்ப் பொருள்தான். நியோடிமியம் கலந்த கண்ணாடி நிறைய ஆற்றலைச் சேமிக்கும். ஆனால் அது பெருக்கும் நிறப்பட்டை குறுகியது. பெருக்கம் கூடக்கூட ஓரத்து நிறங்கள் தேய்ந்து, சுருக்கும்போது துடிப்பு பழைய குறுக்கத்தை எட்டுவதில்லை. டைட்டானியம் கலந்த நீலக்கல் பரந்த பட்டையைப் பெருக்கும். இன்று உலகின் பெரும்பாலான பெட்டாவாட் லேசர்களின் உயிர்நாடி அதுவே. இந்தூர் லேசரும் அவ்வகையே. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. கற்றை பெரிதானால் படிகமும் அகன்றதாக வேண்டும். அகன்ற படிகத்தில் சேமித்த ஆற்றல், முன்னோக்கிச் செல்லும் துடிப்புக்குக் கிடைப்பதற்கு முன்பே பக்கவாட்டில் தானாகப் பெருகிக் கசிந்துவிடுகிறது. போதாததற்கு, பச்சை ஒளியை விழுங்கிச் செவ்வொளியை வெளிவிடும்போது எஞ்சும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் படிகத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான், செறிந்த ஒளியின் நிறத்தையே மாற்றவல்ல நேரிலாப் படிகம் வருகிறது. லேசர் பிறந்து ஓராண்டு கழிந்து, 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் செவ்வொளியைக் குவார்ட்சுப் படிகத்தில் செலுத்தினர். மறுபுறம் 347 நானோமீட்டர் புறஊதா ஒளியும் மிக மங்கலாக வந்தது. அலைநீளம் சரிபாதி, அதிர்வெண் இரட்டிப்பு. அந்தப் புறஊதாப் புள்ளி எவ்வளவு மங்கல் என்றால், கட்டுரை அச்சேறியபோது அதைத் தூசிப்பொட்டு என்று கருதி அழித்துவிட்டார்கள். இதழில் புள்ளியைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் இருக்கிறது, புள்ளி இல்லை. நேரிலா ஒளியியல் என்னும் துறை இவ்வாறுதான் அச்சேறியது.

ஃபிராங்கன் கண்டது இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒன்றாவது. அதே படிகத்தில் எதிர்த்திசை நிகழ்வும் நடக்கும்: பெரிய ஃபோட்டான் ஒன்று உடைந்து இரண்டு சிறியவையாகும். வலுவான பச்சை ஒளியும் மெல்லிய செவ்வொளியும் ஒரே நேரத்தில் படிகத்துக்குள் சென்றால், செவ்வொளியின் தூண்டலால் பச்சை ஃபோட்டான்கள் உடையத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் உடையும்போது ஒரு புதிய செம்ஃபோட்டானும், மிச்ச ஆற்றலைத் தாங்கிய ஓர் அகச்சிவப்பு ஃபோட்டானும் பிறக்கின்றன. ஆற்றல் தரும் ஒளிக்குப் பம்ப் என்றும், பெருகும் ஒளிக்குச் சிக்னல் என்றும், மிச்சத்தைத் தாங்கும் ஒளிக்கு ஐட்லர் என்றும் ஆய்வகங்களில் பெயர். 532 நானோமீட்டர் பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 2.33 எலக்ட்ரான் வோல்ட். அதிலிருந்து 800 நானோமீட்டர் சிக்னலுக்கு 1.55 போனால், மீதி 0.78, ஏறத்தாழ 1590 நானோமீட்டர் அலைநீள ஐட்லராக வெளியேறுகிறது. கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. படிகத்துக்கென்று எதுவும் தங்குவதும் இல்லை. மிச்ச ஆற்றல் வெப்பமாகாமல் ஒளியாகவே வெளியேறிவிடுகிறது என்பதே இந்தப் பெருக்கியின் தனிச்சிறப்பு.

நீலக்கல் பெருக்கிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. நீலக்கல் ஒரு கண்மாய். பம்ப் ஒளி தரும் ஆற்றலைத் தேக்கி வைத்திருந்து, துடிப்பு வந்து மடையைத் திறக்கும்போது கொடுக்கிறது. தேக்கம் மூன்று மைக்ரோ நொடிதான்; ஆனாலும் ஃபெம்டோ நொடிக் கணக்கில் அது ஒரு யுகம். நேரிலாப் படிகமோ கண்மாய் இல்லாத காட்டோடை. வெள்ளம் ஓடும் அந்தக் கணத்தில் வாய்க்கால் திறந்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் உண்டு. ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் இல்லை. எனவே பம்ப் துடிப்பும் சிக்னல் துடிப்பும் படிகத்துக்குள் ஒரே கணத்தில் சந்தித்தாக வேண்டும். பம்ப் துடிப்பு சில பிக்கோ நொடியே நீடிப்பதானால், இரண்டுக்கும் இடையிலான பிசகு அதிலும் சிறு பின்னமாக இருக்க வேண்டும். ஒரு பிக்கோ நொடியில் ஒளி 0.3 மில்லிமீட்டர் செல்கிறது. ஆய்வக மேசை வெப்பத்தில் சற்று விரிந்தாலே அந்த அளவு பிசகிவிடும். இதைத் தவிர்க்க, இரண்டு துடிப்புகளையும் ஒரே அலையியற்றியிலிருந்து பிரித்தெடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

தேக்கம் இல்லாதது குறைபோலத் தோன்றினாலும் உண்மையில் அது வரம். உயர்செறிவு ஆய்வுகளில் முதன்மைத் துடிப்புக்கு முன்னால் வரும் மங்கலான ஒளியே பெருந்தொல்லை. உச்சச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 10²¹ வாட் என்றால், அதில் நூறு கோடியில் ஒரு பங்கு முன்கூட்டியே விழுந்தாலும் இலக்கு உருகி ஆவியாகி, உண்மையான துடிப்பு வரும்போது தாக்குவதற்குச் சீரான பரப்பு இருக்காது. தேக்கிவைக்கும் பெருக்கி துடிப்பு வரும் முன்பே தானாகக் கொஞ்சம் ஒளிரும். இந்த முன்னொளியை முழுக்க அடக்குவது கடினம். நேரிலாப் படிகத்தில் பம்ப் இருக்கும் கணத்துக்கு வெளியே பெருக்கமே கிடையாது. பம்ப் துடிப்பைக் குறுக்கினால் முன்னொளியின் நீளமும் தானே குறுகிவிடும். திண்ம இலக்குகளில் வேலை செய்யும் ஆய்வாளர்கள் இந்தப் பெருக்கியை நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

பெருக்கம் நடக்க இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பம்ப், சிக்னல், ஐட்லர் மூன்றும் படிகம் முழுவதும் கட்டம் பிசகாமல் செல்ல வேண்டும். படிகத்தின் தொடக்கத்தில் பிறந்த செவ்வொளியும் நடுவில் பிறந்ததும் முடிவில் பிறந்ததும் ஏற்றம் ஏற்றத்தோடு சேர்ந்தால்தான் அலை வளரும். பிசகினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாதாரணப் பொருள்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிவிலகல் எண் வேறு என்பதால் இது நடக்காது. இரட்டை ஒளிவிலகல் உள்ள படிகங்களில் ஒளியின் முனைவாக்கத்துக்கும் செல்லும் திசைக்கும் ஏற்ப ஒளிவிலகல் எண் மாறும். சரியான திசையைத் தேர்ந்தெடுத்தால் மூன்று ஒளிகளும் பொருந்திச் செல்லும். இதற்குக் கட்டப் பொருத்தம் என்று பெயர். பீட்டா பேரியம் போரேட் படிகத்தில் 532 நானோமீட்டர் பம்பினால் 800 நானோமீட்டர் ஒளியைப் பெருக்க, பம்ப் ஒளி படிகத்தின் ஒளியச்சுக்கு ஏறத்தாழ 24 பாகை சாய்ந்து செல்ல வேண்டும். பம்பும் சிக்னலும் ஒரே கோட்டில் செல்லாமல், படிகத்துக்குள் ஏறத்தாழ 2.4 பாகை விலகிச் சென்றால் ஒரு வியப்பு நிகழ்கிறது. அந்தக் குறிப்பிட்ட விலக்கத்தில் கட்டப் பொருத்தம் ஒரு நிறத்துக்கு மட்டுமன்றி நூறு நானோமீட்டருக்கு மேற்பட்ட பட்டை முழுவதற்கும் கிடைத்துவிடுகிறது. பரந்த பட்டை கிடைத்தால் குறுகிய துடிப்பு கிடைக்கும். 10 ஃபெம்டோ நொடிக்கும் குறைந்த துடிப்புகளை இம்முறையில் பெறுவது இன்று பல ஆய்வகங்களில் நடைமுறை.

நீட்டிப் பெருக்கும் முறையையும் நேரிலாப் படிகத்தையும் இணைத்து 1992இல் முதன்முதலாகச் செய்து காட்டியவர்கள் லிதுவேனியாவின் வில்னியஸ் பல்கலைக்கழகத்து துபியேதிஸ், யோனுஷவுஸ்காஸ், பிஸ்கர்ஸ்காஸ் ஆகிய மூவர். சோவியத் ஒன்றியத்திலிருந்து அந்த நாடு விடுபட்ட சிறிது காலத்திலேயே வந்த பணி அது. ஐந்தாண்டு கழித்து, இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் இயன் ராஸ் குழுவினர், இம்முறையைப் பெட்டாவாட்டுக்கும் அப்பால் கொண்டு செல்லலாம் என்று கணக்கிட்டுக் காட்டினர். 2007இல் ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கரத் நகரில் 0.56 பெட்டாவாட், 2017இல் சீனாவில் 4.9 பெட்டாவாட். இரண்டிலும் துடிப்பைப் பெருக்கியவை நேரிலாப் படிகங்களே.

எண்கள் வளர்ந்ததற்குப் பின்னால் இருப்பது படிக வளர்ப்புக் கலை. முதற்படிப் பெருக்கத்துக்குப் பீட்டா பேரியம் போரேட் இணையற்றது. விரல் நுனியளவு துண்டில் ஒளி பத்து லட்சம் மடங்கு பெருகிவிடும். ஆனால் அது உருகிய உப்புக்குழம்பிலிருந்து மெல்ல மெல்ல எடுக்கப்படுவது, அகலமாக வளர்வதில்லை. லித்தியம் டிரைபோரேட் அதைவிடப் பெரிதாக வளரும். இவ்விரண்டையும் உலகுக்குத் தந்தவை சீனத்து ஃபூஜியன் ஆய்வு நிலையத்தின் முயற்சிகள். நாற்பது சென்டிமீட்டர் அகலக் கற்றைக்கு ஈடுகொடுக்கும் படிகம் ஒன்றே ஒன்றுதான்: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். படிகக்காரர்கள் சுருக்கமாகக் கேடிபி என்பார்கள். இது நீரில் கரையும் உப்பு, நீர்க்கரைசலிலிருந்தே வளர்கிறது. அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்துக்காக இதை வளர்க்க முன்பு இரண்டாண்டு பிடித்தது. வேகவளர்ப்பு முறையால் அது இரண்டு மாதமாகக் குறைந்தது. அவ்வாறு வளர்ந்த படிகம் ஒன்றின் எடை 300 கிலோவுக்கு மேல். இந்தியாவில் இந்தூர் மையத்திலேயே கேடிபி வளர்க்கப்படுகிறது.

படிக வளர்ப்பில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துப் படிக வளர்ப்பு மையத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் பெ. இராமசாமி. நேரிலா ஒளியியலுக்கான கரிம, கனிமப் படிகங்களைக் கரைசலிலிருந்து வளர்க்கும் ஆய்வு அங்கிருந்து மாநிலத்தின் கல்லூரிகள் பலவற்றுக்கும் பரவியது. இதற்குப் பெருஞ்செலவுள்ள கருவிகள் வேண்டியதில்லை. கண்ணாடிக் குடுவையும், வெப்பநிலை பிசகாத நீர்த்தொட்டியும், பொறுமையும் போதும். சிறு நகரத்துக் கல்லூரி இயற்பியல் துறைகள் உலகத்தர ஆய்வில் நுழைந்தது இந்தக் கதவின் வழியேதான். இதை நம் கல்வி வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மரபிலிருந்து 2005இல் வந்ததே சங்கரநாராயணன்–இராமசாமி முறை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் க. சங்கரநாராயணனும் இராமசாமியும் சேர்ந்து வெளியிட்ட இது, உலகப் படிக ஆய்வு இதழ்களில் எஸ்ஆர் முறை என்றே வழங்குகிறது. அதன் தேவையை உணர, வழக்கமான கேடிபி படிகத்தைப் பார்க்க வேண்டும். கரைசலில் தன்போக்கில் வளரும்போது அது நாற்கோணத் தூணாகவும், தூணின் நுனியில் கூம்பாகவும் உருவெடுக்கும். தூணின் அச்சே ஒளியச்சு. ஆனால் 1064 நானோமீட்டர் ஒளியைப் பச்சையாக மாற்றத் தேவையான தகடு, அந்த அச்சுக்கு ஏறத்தாழ 41 பாகை சாய்ந்த திசையில் வெட்டப்பட வேண்டும். மாதக்கணக்கில் வளர்த்த படிகத்தில் பெரும்பகுதி வெட்டித் தள்ளப்பட்டு வீணாகிறது. தூண் முகங்கள் வளர்ந்த பகுதியிலும் கூம்பு முகங்கள் வளர்ந்த பகுதியிலும் மாசு வெவ்வேறு அளவில் ஒட்டுவதால், இரண்டும் சேரும் எல்லையில் ஒளியின் தன்மையும் மாறிவிடும்.

எஸ்ஆர் முறையில் அடிப்புறம் கூம்பாகக் குறுகிய கண்ணாடிக் குழாயின் நுனியில் விதைப்படிகம் பொருத்தப்படுகிறது. வேண்டிய திசை மேல்நோக்கி இருக்குமாறு விதையை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். அதன்மேல் தெவிட்டிய கரைசல் ஊற்றப்படும். குழாயின் மேற்புறத்தைச் சுற்றி ஒரு வளையச் சூடேற்றி, கீழ்ப்புறத்தைச் சுற்றி இன்னொன்று. மேல் வளையம் கரைப்பானை அளவோடு ஆவியாக்குகிறது. மேற்பரப்பில் தேவையற்ற சிறு படிகங்கள் முளைக்காமலும் காக்கிறது. மேலே கரைசல் செறிவாகச் செறிவாக, கீழே விதை குழாயின் முழு அகலத்தையும் நிரப்பிக்கொண்டு மேல்நோக்கி மட்டும் வளர்கிறது. நாளுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. முடிவில் குழாயின் வடிவத்திலேயே உருளைப் படிகம் கிடைக்கிறது. அதைக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு வில்லையும் கட்டப் பொருத்தத் திசையிலேயே அமைந்திருக்கும். வெட்டிக் கழிப்பது சிறிதே. இவ்வாறு வளர்த்த கேடிபி, வழக்கமான முறையில் வளர்ந்ததைவிடக் கூடுதல் லேசர்ச் செறிவைச் சேதமின்றித் தாங்குவதாக ஆய்வுகள் காட்டின. பெருக்கிப் படிகத்துக்கு வேண்டிய பண்புகளில் இதுவே தலையாயது. பம்ப் ஒளியின் செறிவு கூடினால் பெருக்கம் மடங்கு மடங்காகக் கூடும் என்பதால், சேத வரம்பு சற்று உயர்ந்தாலும் படிகத்தின் நீளத்தைக் குறைக்க முடியும். நீளம் குறைந்தால் பெருகும் பட்டை அகலும்.

ஆயினும் குழாய்க்குள் வளரும் படிகத்தின் அகலம் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. முதல், இரண்டாம் படிப் பெருக்கிகளுக்கும் அலைநீளம் மாற்றும் தகடுகளுக்கும் அது போதும். இறுதிப் பெருக்கிக்குப் போதாது. அங்கே இன்னொரு தேவையும் எழுகிறது. கேடிபியில் உள்ள ஹைட்ரஜன் ஐட்லரின் அகச்சிவப்பு ஒளியை ஓரளவு விழுங்கிவிடும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் இருந்தால் அந்த விழுங்கல் பெரிதும் குறையும். அதோடு, 527 நானோமீட்டர் பம்பினால் 910 நானோமீட்டரைச் சுற்றிய மிகப்பரந்த பட்டையும் பெருகும். நீஷ்னி நோவ்கரத் லேசர் நம்பியிருப்பது இந்தப் பண்பையே. ஷாங்காய் நகரில் 100 பெட்டாவாட்டை இலக்காகக் கொண்ட லேசருக்கும் டியூட்டீரியம் ஏறிய கேடிபியே இறுதிப் பெருக்கிக்குத் தேர்வாகியிருக்கிறது.

அத்தகைய படிகத்தைக் கனநீரில் கரைத்து வளர்க்க வேண்டும். டியூட்டீரியத்தின் விகிதம் படிகம் முழுவதும் சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் கட்டப் பொருத்தம் இடத்துக்கிடம் மாறிவிடும். டியூட்டீரியம் மிகும்போது, பயனற்ற இன்னொரு படிக வடிவம் கரைசலில் முளைத்து, வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல படிகத்தைக் கெடுப்பதும் உண்டு. காற்றிலுள்ள ஈரப்பதத்திலிருந்து சாதாரண நீர் கரைசலில் கலந்துவிடாதபடி தொட்டி முழுவதும் அடைத்து வைக்கப்படுகிறது. கனநீர் உற்பத்தியில் இந்தியா தன்னிறைவு பெற்ற நாடு. தூத்துக்குடியில் அதற்கான ஆலையும் அமைக்கப்பட்டது. மூலப்பொருளுக்கு வெளியாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மீதமிருப்பது பெரிய தொட்டி, பாகையின் நூறில் ஒரு பங்குக்குள் பிசகாத வெப்பநிலைக் கட்டுப்பாடு, வளர்ந்த படிகத்தை ஈரம் படாமல் வெட்டி மெருகேற்றும் பட்டறை ஆகிய மூன்றுமே.